விபூதிக்கு மலராத கை: மின்னதிர்ச்சிக்குப் பின் 19 நாள் கண்ணில் படாத ஒரு தோள் விலகல்

எம்.ஆர்.ஐ. அறையிலிருந்து டெக்னீசியன் போனில் கூப்பிட்டார். "சார், ஃப்ரோசன் ஷோல்டர்னு எழுதி ஒருத்தர் வந்திருக்காரு. காயில் மாட்டலாம்னு கையை நேராக்கிப் பாத்தேன். வயித்து மேலயே ஒட்டிக்கிட்டு இருக்கு, துளிகூட வெளிய திரும்பல. மெஷின்ல ஏத்துறதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவ பாத்துடுங்க சார்."

தோளுக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது, காயில் என்ற கருவியைத் தோளில் மாட்ட, நோயாளி மல்லாந்து படுத்து, கட்டைவிரல் மேலே பார்க்கும்படியோ சற்று வெளியே சாய்ந்தபடியோ கையை வைத்துக்கொள்ள வேண்டும். ஃப்ரோசன் ஷோல்டர், அதாவது தோள் மூட்டு இறுகிப்போகும் நோய், இருப்பவர்களுக்கும் கை வெளிப்பக்கம் திரும்புவது குறையும்தான். ஆனாலும் பெரும்பாலானோர் கட்டைவிரல் மேலே பார்க்கும் அளவுக்காவது வந்துவிடுவார்கள். இவருக்கு அதுவும் வரவில்லை. தினமும் பத்துப் பன்னிரண்டு தோள்களைப் பிடித்துப் பொருத்துகிற கைக்கு அந்த வித்தியாசம் தெரிந்திருக்கிறது. இந்த நோயாளியின் நோயை முதலில் கண்டுபிடித்தவர் அவர்தான். அதை எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுத வேண்டும்.

நோயாளியின் சம்மதத்தோடு, அவர் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றி இதைப் பதிகிறேன்.

நடந்தது

வயது 46. ஏற்காட்டில் நாகலூர் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில் பல்பர் மெஷின் பார்ப்பவர். மார்கழியில் பழம் எடுப்பு மும்முரமாக இருக்கும். பறித்த பழத்தை அன்றன்றே தோல் உரிக்காவிட்டால் புளித்துவிடும் என்பதால், இருட்டிய பிறகும் பல்பர் கொட்டகையில் வேலை ஓடும். தரையெல்லாம் தண்ணீர், பழத்தோல், வழுவழுப்பு. டிசம்பர் கடைசியில் ஒரு மாலை ஓடிக்கொண்டிருந்த மோட்டார் நின்றுபோனது. ஈரக்கையோடு ஸ்டார்ட்டர் பெட்டியைத் தொட்டிருக்கிறார்.

"புடிச்சு இழுத்துக்கிச்சுங்க. கையை எடுக்கவே முடியல. தோளுக்குள்ளருந்து யாரோ துணி முறுக்குற மாதிரி முறுக்குச்சு."

பக்கத்தில் இருந்தவர் ஓடிப்போய் மெயினை இறக்கினார். எல்லாம் நாலைந்து நொடி. அவர் கீழே விழவில்லை, சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். பின்னால் அவரைப் பார்த்த எல்லாரையும் வழி தவற வைத்தது இந்த 'விழவில்லை' தான். விழாதவருக்கு, அடிபடாதவருக்குத் தோள் எப்படி விலகும் என்று நினைத்ததால் விலகலாக இருக்குமோ என்று யாருக்கும் சந்தேகமே எழவில்லை.

அன்றிரவே மலையில் ஒரு மருத்துவமனைக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். அங்கே இ.சி.ஜி. எடுத்து, இதயத் துடிப்பில் கோளாறு வருகிறதா என்று விடியும்வரை கண்காணித்திருக்கிறார்கள். விரல் நுனியில் இருந்த தீக்காயத்துக்கு மருந்து போட்டிருக்கிறார்கள். மின்னதிர்ச்சிக்கு முதலில் செய்ய வேண்டியது இதுதான், அதைச் சரியாகவே செய்திருக்கிறார்கள். தோள் வலிக்கிறது என்று சொன்னதும் ஒரு எக்ஸ்ரே எடுத்தார்கள். ஒரே ஒரு படம், நேர்முகமாக. எலும்பு முறிவு இல்லை, தசைப்பிடிப்பு என்று சொல்லி, வலி மாத்திரை கொடுத்து ஸ்லிங் மாட்டி அனுப்பிவிட்டார்கள்.

ஸ்லிங் மாட்டினால் முழங்கை உடம்போடு ஒட்டி, முன்கை வயிற்றின் மேல் படிந்து, மேற்கை உள்பக்கம் திரும்பி நிற்கும். பின்பக்கமாக விலகிய தோள் பூட்டிக்கொண்டு நிற்பதும் இதே நிலையில்தான். ஆகவே ஸ்லிங்கில் இருக்கும்வரை அவருக்குப் பெரிய தொந்தரவு தெரியவில்லை. பத்து நாள் கழித்து ஸ்லிங்கைக் கழற்றியும் கை வராததால், அடிவாரத்தில் எலும்புக்குக் கட்டுப் போடும் ஒருவரிடம் போனார். அவர் முட்டைப் பற்றுப் போட்டுத் துணி சுற்றியிருக்கிறார். இழுத்துப் பார்க்கவில்லை. அதற்கு நான் இன்றும் நிம்மதிப்படுகிறேன். ஏன் என்பது பின்னால் வருகிறது.

பொங்கலன்று நடந்ததை அவர் மனைவி சொன்னார். "கோயிலுக்குப் போனோங்க. பூசாரி விபூதி குடுக்க வந்தா, இவரு இடது கையை நீட்டுறாரு. பீச்சாங்கையை நீட்டுறியேப்பான்னு அவரு சத்தம் போட்டாரு. சரின்னு வலது கையை நீட்டுனா உள்ளங்கை மேல பாக்கவே மாட்டேங்குதுங்க. கவுந்தே இருக்கு. அன்னைக்குத்தான் எனக்கு பயமாயிடுச்சு."

மறுநாள் சேலத்துக்கு இறங்கி வந்து ஒரு டாக்டரைப் பார்த்தார்கள். அவர் ஃப்ரோசன் ஷோல்டராக இருக்கலாம் என்று எம்.ஆர்.ஐ. எழுதிக் கொடுத்தார். எங்களிடம் வந்தபோது அடிபட்டு 19 நாள்.

கையால் பார்த்தது

சட்டையைக் கழற்றச் சொல்லி, இரண்டு தோளையும் முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் மேலிருந்தும் பார்த்தேன். முன்பக்கம் இடது தோளில் இருந்த உருட்சி வலதில் இல்லை, தட்டையாக இருந்தது. கோரகாய்டு என்ற காக்கை அலகு போன்ற எலும்பு முனை தோலுக்கடியில் துருத்திக்கொண்டு நின்றது. பின்பக்கம் விரல் வைத்தால் அங்கே இருக்கக்கூடாத ஓர் உருண்டை. நாற்காலியில் உட்காரவைத்து, நான் பின்னால் நின்று மேலிருந்து குனிந்து பார்த்தபோது அந்த வித்தியாசம் சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரிந்தது.

கையை முன்னால் நீட்டி உள்ளங்கையை மேலே திருப்பச் சொன்னேன். திரும்பவில்லை. அந்த அம்மா கோயிலில் பார்த்ததும் இதுதான். எலும்பு மருத்துவப் பாடத்தில் பின்பக்கத் தோள் விலகலுக்கு இது ஒரு தனி அறிகுறியாகவே இருக்கிறது: கையை முன்னே நீட்டினால் உள்ளங்கை மலராது. மேற்கை உள்பக்கம் பூட்டிக்கொண்டிருந்தால் முன்கை மட்டும் எவ்வளவுதான் புரள முடியும்?

ஒரு விஷயம் எனக்கு எப்போதும் மனதில் நிற்கும். மால்கெய்ன் என்ற பிரெஞ்சு அறுவை மருத்துவர் 1855-இல் பின்பக்கத் தோள் விலகல்கள் 37-ஐத் தொகுத்து எழுதினார். ரான்ட்ஜென் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தது 1895-இல். எந்தப் படமும் இல்லாத காலத்தில், 40 ஆண்டுக்கு முன்பே, கண்ணாலும் கையாலும் கண்டுபிடித்த ஒன்றை இன்று நாம் படம் எடுத்துவிட்டுத் தவறவிடுகிறோம். 'படத்தில் ஒன்றும் இல்லை' என்ற வரி வந்துவிட்டால் கை பார்ப்பதை நிறுத்திவிடுகிறது.

ஏன் பின்பக்கம்

தோள் மூட்டு அமைந்திருக்கும் விதமே நழுவுவதற்கு வாகானது. இடுப்பு மூட்டில் பந்து ஆழமான குழிக்குள் உட்கார்ந்திருக்கும். தோளில், சின்ன சந்தனக் கிண்ணத்தின் மேல் சாத்துக்குடியை வைத்தது போல. பந்தின் மேற்பரப்பில் கால்பங்கு, மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்குதான் ஒரு நேரத்தில் குழியைத் தொட்டிருக்கும். மற்றதையெல்லாம் லேப்ரம் என்ற குருத்து வளையமும் நார்களும் தசைகளும் பிடித்து நிறுத்துகின்றன. உடம்பிலேயே அதிகமாக விலகும் பெரிய மூட்டு இதுதான்.

அப்படி விலகுவதில் 100-க்கு ஏறக்குறைய 95 முன்பக்கம் விலகுபவை. பின்பக்கம் விலகுபவை 2 முதல் 4 வரை. அந்தக் கொஞ்சத்திலும் ஏறத்தாழ பாதி முதல் தடவை பார்க்கும்போது பிடிபடுவதில்லை. வலிப்பும் மின்னதிர்ச்சியும் இதற்கு முக்கியமான காரணங்கள். தோளை உள்பக்கம் திருப்பும் தசைகள் பெரியவை, பலமானவை: மார்பின் பெரிய தசை, முதுகிலிருந்து வரும் அகன்ற தசை, தோள்பட்டை எலும்பின் முன்பக்கம் படிந்திருக்கும் சப்ஸ்கேப்புலாரிஸ். வெளிப்பக்கம் திருப்புபவை அவற்றின் பலத்துக்கு ஈடு கிடையாது. மின்சாரம் பாய்ந்ததும் எல்லாத் தசையும் ஒரே நேரத்தில் இறுகும். பலமான கட்சி ஜெயிக்கும். கை உள்பக்கம் முறுக்கிக்கொள்ள, பந்து பின்பக்கம் தள்ளப்பட்டு, குழியின் பின்விளிம்பைத் தாண்டிப் போய் அங்கேயே சிக்கிக்கொள்ளும். விழவே தேவையில்லை. 'துணி முறுக்குற மாதிரி' என்று அவர் சொன்னது உவமையில்லை, உள்ளே நடந்ததே அதுதான்.

தசை இறுகும் வேகத்தில் இரண்டு தோளும் விலகியவர்கள் உண்டு. முதுகெலும்பு நசுங்கியவர்களும் உண்டு. அதனால் இவருக்கு இடது தோளையும் படம் எடுத்தோம், முதுகைத் தட்டிப் பார்த்தோம். இரண்டும் நன்றாக இருந்தன.

பழைய படம்

மலையில் எடுத்த எக்ஸ்ரேயைப் பைக்குள் மடித்து வைத்திருந்தார்கள். ஃபிலிமில் இரண்டு மடிப்புக் கோடுகள். விளக்குப் பெட்டியில் மாட்டினேன்.

மேற்கை எலும்பின் கழுத்துப் பகுதியில் முறிவு இல்லை. காறை எலும்பு சரி. பந்து குழிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, கீழே இறங்கவில்லை. முன்பக்க விலகலில் பந்து கோரகாய்டுக்கு அடியில் இறங்கிப் போய் நிற்கும், பார்த்த மாத்திரத்தில் தெரியும். பின்பக்கம் போகும் பந்து பெரும்பாலும் கீழே இறங்காது, நேர் பின்னால் போகும். கம்பத்துக்கு முன்னால் நின்றாலும் பின்னால் நின்றாலும் சுவரில் விழும் நிழல் ஏறக்குறைய ஒன்றுதான். எக்ஸ்ரேயும் நிழல்தான்.

ஆனால் அந்த நிழலிலேயே மூன்று தடயங்கள் இருந்தன.

முதலாவது, பந்தின் வடிவம். சாதாரணமாக மேற்கை எலும்பின் தலை ஊன்றுகோலின் பிடிபோல ஒருபக்கம் சாய்ந்து, வெளிப்பக்கத்தில் பெருமுண்டு என்ற மேட்டோடு தெரியும். கை உள்பக்கம் முழுதாகத் திரும்பிவிட்டால் அந்தச் சாய்வு மறைந்து, தலை வட்டமாக, சமச்சீராக, குண்டு பல்பு போலத் தெரியும். இதை 'லைட் பல்ப்' அறிகுறி என்பார்கள். கையை வேண்டுமென்றே உள்பக்கம் திருப்பி எடுத்தால் நல்ல தோளும் இப்படித்தான் தெரியும். ஆகவே இதை மட்டும் வைத்து முடிவு செய்யக்கூடாது. டெக்னீசியனால் கையை வெளியே திருப்ப முடியவில்லை, அதனால்தான் இப்படி எடுத்தார் என்று தெரிந்தால் அந்த பல்புக்கு அர்த்தமே வேறு.

இரண்டாவது, இடைவெளி. நேர்முகப் படத்தில் பந்தின் உள்விளிம்பு குழியின் மேல் கொஞ்சம் ஏறி, பிறைபோல ஒரு மேற்படிவு தெரிவதுதான் வழக்கம். இங்கே பிறை இல்லை. குழியின் முன்விளிம்புக்கும் பந்துக்கும் நடுவே வெற்றிடம். இது 6 மி.மீ.க்கு மேல் போனால் சந்தேகப்பட வேண்டும். ஸ்கேல் வைத்துப் பார்த்தேன், 9 மி.மீ. இருந்தது.

மூன்றாவது, பந்துக்குள் ஒரு கோடு. பந்தின் உள்விளிம்புக்கு இணையாக, அதற்கு வெளியே, செங்குத்தாக ஒரு வெள்ளைக் கோடு. குழியின் பின்விளிம்பு பந்தின் முன்பக்கத்தில் இடித்துப் பதிந்த பள்ளத்தின் கரை அது. ஈர மண்ணில் கட்டை விரலை அழுத்தினால் பள்ளத்தின் விளிம்பு எழும்பி நிற்குமே, அதுபோல.

நோய் என்னவென்று தெரிந்த பிறகு பழைய படத்தில் எல்லாவற்றையும் சுட்டிக்காட்டுவது சுலபம். இரவு நேரத்தில், மின்னதிர்ச்சி என்றதும் இதயத்தின் மேல் கவனம் போன இடத்தில், ஒற்றைப் படத்தை வைத்துக்கொண்டு இருந்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். காரணம் இருக்கிறது. படித்துக்கொண்டிருந்த காலத்தில் ஒரு இரவுப் பணியில், வலிப்பு வந்த ஓர் இளைஞனின் தோள் படத்தை நான் 'இயல்பு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இரண்டு மாதம் கழித்து அவன் திரும்ப வந்தபோது பந்தில் பாதிக்கு மேல் நொறுங்கியிருந்தது. அந்தப் பழைய படத்திலும் இதே வெள்ளைக் கோடு இருந்தது. அவன் வயது 22. அந்தக் கோட்டை நான் மறக்கவில்லை.

இரண்டாவது பார்வை

தோளுக்கு ஒரு படம் போதாது, ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரண்டு வேண்டும் என்பது எல்லாப் பாடத்திலும் உள்ளது. ஆனாலும் அது ஏன் நடைமுறையில் நழுவுகிறது என்று யோசித்தால், இரண்டாவது படம் எடுப்பது கஷ்டமாக இருப்பதால்தான். அக்குள் வழியாக எடுக்கும் படத்துக்குக் கையைப் பக்கவாட்டில் தூக்க வேண்டும். அடிபட்ட தோளைத் தூக்கச் சொன்னால் நோயாளி துடிப்பார். டெக்னீசியன் பாவம் பார்த்து விட்டுவிடுவார்.

தூக்காமலே எடுக்க வழியிருக்கிறது. வெல்ப்போ முறை என்று பெயர். ஸ்லிங்கைக் கழற்றவே வேண்டாம். மேஜை மேல் கேசட்டை, அதாவது படம் பதியும் தட்டை, படுக்கையாக வைத்து, நோயாளியை அதற்கு முதுகைக் காட்டி நிற்கவைத்து, தோள் கேசட்டுக்கு நேர் மேலே வரும்படி 30 டிகிரி அளவுக்குப் பின்னால் சாயவைக்க வேண்டும். எக்ஸ்ரே குழாயைத் தலைக்கு மேலே கொண்டுவந்து நேர் கீழ்நோக்கிப் படம். இவருக்கு அப்படித்தான் எடுத்தோம். மனைவி ஒருபக்கம், கவச அங்கி அணிந்த உதவியாளர் ஒருபக்கம் பிடித்துக்கொள்ள இருந்தார்கள். அவரோ "நானே நிக்கிறேங்க, விடுங்க" என்று மேஜை விளிம்பை இடது கையால் பற்றிக்கொண்டு சாய்ந்தார். வலியில் முகம் சுளிக்கவில்லை. அம்மாவை வெளியே அனுப்பிவிட்டுப் படம் எடுத்தோம்.

ஒரே நிமிடத்தில் விடை வந்துவிட்டது. இந்தப் படத்தில் முதலில் கோரகாய்டைத் தேட வேண்டும். அது காட்டும் பக்கம் முன்பக்கம். பந்து குழிக்கு எதிர்ப்பக்கம், பின்னால் கிடந்தது. குழியின் பின்விளிம்பு பந்தின் முன்பக்கத்தில் ஆப்பு அடித்த மாதிரி ஏறி நின்றது. இதோடு, உடம்பை 40 டிகிரி திருப்பி மூட்டு இடைவெளிக்கு நேராக ஒரு படமும் எடுத்தோம். தோள்பட்டை எலும்பு உடம்பின் முன்தளத்துக்குச் சாய்வாக உட்கார்ந்திருப்பதால், உடம்புக்கு நேரான படம் மூட்டுக்கு நேரானதாக இருக்காது. உடம்பைத் திருப்பினால்தான் பந்துக்கும் குழிக்கும் நடுவே கறுப்பு இடைவெளி தெளிவாகத் திறக்கும். இவருக்கு அந்த இடைவெளி இல்லை, ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தது.

சாய்ந்து நிற்கவும் முடியாதவர்களுக்கு, தோள்பட்டை எலும்பைப் பக்கவாட்டில் காட்டும் 'ஒய்' படம் இருக்கிறது. அதில் மூன்று கிளைகள் கூடும் இடத்தில் பந்து உட்கார்ந்திருக்க வேண்டும். பயனுள்ள படம்தான், ஆனால் பந்து கொஞ்சமாகப் பின்னால் போயிருந்தால் ஏமாற்றிவிடும். அக்குள் படத்தையோ வெல்ப்போ படத்தையோதான் நான் அதிகம் நம்புகிறேன்.

எம்.ஆர்.ஐ.யை ரத்து செய்யச் சொன்னேன். சில நூறு ரூபாய் எக்ஸ்ரேயில் முடிந்த காரியத்துக்கு அந்தக் குடும்பம் பல ஆயிரம் செலவழிக்க வந்திருந்தது.

சி.டி.யில் அளந்தது

எழுதிக் கொடுத்த டாக்டரிடம் போனில் சொன்னேன். அவர் ஒரு நொடி பேசாமல் இருந்துவிட்டு, "நல்ல வேளை, நான் பிசியோதெரபிக்கு அனுப்பலாம்னு இருந்தேன்" என்றார். ஒரு எலும்பு அறுவை மருத்துவரிடம் அனுப்பினோம். அவர் கேட்டது சி.டி.

விலகிய நிலையில் சி.டி. மூன்று கேள்விகளுக்கு விடை தரும். பந்தில் பள்ளம் எவ்வளவு பெரியது? குழியின் விளிம்பு உடைந்திருக்கிறதா? மேற்கை எலும்பின் கழுத்தில் எக்ஸ்ரேயில் தெரியாத விரிசல் இருக்கிறதா? இந்த மூன்றாவது கேள்வியை அலட்சியம் செய்தால் ஆபத்து. விரிசலோடு இருக்கும் கையைப் பிடித்து இழுத்து மூட்டை ஏற்றப் பார்த்தால் கழுத்து முறிந்து, பந்து தனியாகப் போய்விடும். பந்துக்கு ரத்தம் போவது நின்று அது செத்துப்போகும். அடிவாரத்தில் கட்டுப் போட்டவர் இழுக்காமல் விட்டதற்கு நான் நிம்மதிப்பட்டது இதனால்தான்.

விரிசல் இல்லை. குழியின் பின்விளிம்பில் சிறு தேய்வு மட்டும். சப்ஸ்கேப்புலாரிஸ் வந்து ஒட்டும் சிறுமுண்டு என்ற சின்ன மேடு முழுசாக இருந்தது. பந்தின் முன் உள்பக்கத்தில் ஆப்பு வடிவப் பள்ளம். பள்ளம் பெரிதாகத் தெரியும் குறுக்கு வெட்டை எடுத்து, பந்தின் மேல் ஒரு வட்டம் வரைந்து, மூட்டுப் பரப்பில் பள்ளம் எத்தனை பங்கை விழுங்கியிருக்கிறது என்று கணக்கிட்டோம். 30 சதவீதம்.

முன்பக்க விலகலில் பந்தின் பின்பக்கம் பதியும் பள்ளத்தை 1940-இல் விளக்கிய ஹில், சாக்ஸ் இருவரும் கதிரியக்க மருத்துவர்கள். பின்பக்க விலகலில் அது பந்தின் முன்பக்கம் பதிவதால் தலைகீழ் ஹில்-சாக்ஸ் என்கிறோம். பள்ளம் எவ்வளவு, எத்தனை நாள் ஆயிற்று என்ற இரண்டும் சேர்ந்துதான் சிகிச்சையை முடிவு செய்யும். பள்ளம் கால்பங்குக்குள், மூன்று வாரத்துக்குள் என்றால் மயக்கம் கொடுத்து அறுக்காமலே மூட்டை ஏற்றிப் பார்க்கலாம். பாதியைத் தாண்டிவிட்டால் பல நேரம் செயற்கைப் பந்துதான். நடுவில் இருப்பவர்களுக்குப் பள்ளத்தை ஏதாவது கொண்டு நிரப்ப வேண்டும். இல்லாவிட்டால் ஏற்றிய மூட்டு கை உள்பக்கம் திரும்பும்போதெல்லாம் மறுபடி அதே விளிம்பில் மாட்டும்.

முதல் இரவே தெரிந்திருந்தால் இவருக்குக் கத்தியே தேவைப்படாமல் போயிருக்கலாம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, அன்றும் பள்ளம் இருந்திருக்கும். ஆனால் 19 நாள், ஒவ்வொரு அசைவிலும் விளிம்பு அந்தப் பள்ளத்தை இன்னும் அரைத்திருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

சரிசெய்தது

மெக்லாக்லின் என்ற அறுவை மருத்துவர் 1952-இல் எழுதிய அறுவைச் சிகிச்சையைப் பின்னால் நீர் என்பவர் மாற்றியமைத்தார். அந்த மாற்றிய முறையில் செய்தார்கள். முன்பக்கம் திறந்து, மூட்டை நெம்பி விடுவித்து, குழிக்குள் உட்காரவைத்து, சிறுமுண்டை அதில் ஒட்டிய தசையோடு வெட்டியெடுத்துப் பள்ளத்துக்குள் வைத்து இரண்டு திருகாணி போட்டார்கள். பள்ளம் நிரம்பியது. பின்விளிம்பு மாட்டிக்கொள்ள இடமில்லாமல் போனது.

அறுவைக்குப் பிறகு வழக்கமான ஸ்லிங் மாட்டக்கூடாது. கை வயிற்றின் மேல் போனால் பந்து மறுபடி பின்னால் நழுவப் பார்க்கும். கையைச் சற்று வெளிப்பக்கம் நிறுத்தும் பட்டை ஆறு வாரம். வார்டில் ஓர் இரவு, பட்டை இறுக்கமாக இருக்கிறது என்று யாரோ கழற்றிவிட்டு, அன்போடு சாதாரண ஸ்லிங்கை மாட்டிவிட்டிருக்கிறார்கள். காலை ரவுண்டில் அறுவை மருத்துவர் பார்த்துப் பதறி உடனே எங்களிடம் படத்துக்கு அனுப்பினார். இரண்டு பார்வை எடுத்தோம். பந்து இடத்தில்தான் இருந்தது. அன்றிலிருந்து அவர் கட்டில் தலைமாட்டில் 'கை வெளியே' என்று பெரிய எழுத்தில் ஒட்டிவைத்தார்கள்.

ஆறு வாரம், மூன்று மாதம், ஆறு மாதம் என்று படம் எடுத்தோம். சிறுமுண்டு புது இடத்தில் எலும்போடு எலும்பாகச் சேர்ந்துவிட்டது. பந்து செத்துப்போகும் அறிகுறி இதுவரை இல்லை. ஆறாவது மாதம் கை 140 டிகிரி உயர்ந்தது, வெளிப்பக்கம் 35 டிகிரி திரும்பியது. முழுமை இல்லை, ஆனால் உள்ளங்கை மலர்கிறது. தோட்டத்துக்காரர் பல்பர் கொட்டகையில் 30 மில்லி ஆம்பியர் மின்கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் லீக்கேஜ் பிரேக்கர் போட்டுவிட்டாராம். நோயாளியே வந்து சொன்னார்.

மலையிலிருந்து இறங்கும் மற்ற தோள்கள்

எங்களுக்கு வரும் விலகிய தோள்களில் பெரும்பாலானவை இப்படிப்பட்டவை அல்ல. அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். மழை நனைத்த சாலையில் பைக் வழுக்கி, நீட்டிய கையை ஊன்றி விழுந்தவர்கள். எல்லாம் முன்பக்க விலகல். அவற்றைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. ஆனால் 'தெரிந்துவிட்டது' என்ற தைரியத்தில் இரண்டு தவறுகள் நடக்கின்றன. மூட்டை ஏற்றிய பிறகு மறுபடம் எடுக்காமல் அனுப்பிவிடுவது ஒன்று. ஏற்றுவதற்கு முன் பெருமுண்டில் முறிவு இருந்ததா, ஏற்றிய பின் அது இடத்துக்கு வந்ததா என்று பார்த்தாக வேண்டும். இரண்டாவது, வயதைப் பார்க்காமல் விடுவது. இளவயதுக்காரர்களுக்குக் குழியின் முன்விளிம்பில் லேப்ரம் கிழிந்து மறுபடி மறுபடி விலகும் அபாயம் அதிகம். அவர்களுக்கு எம்.ஆர்.ஐ.யும், விளிம்பில் எலும்பே தேய்ந்திருந்தால் சி.டி.யும் உதவும். 40 வயதைத் தாண்டியவர்களுக்குத் தோள் மூட்டைச் சுற்றிப் பிடித்திருக்கும் ரொட்டேட்டர் கஃப் தசைநார் கிழிந்திருக்க வாய்ப்பு அதிகம். மூட்டு ஏறிவிட்டது, ஆனாலும் இரண்டு வாரமாகியும் கையைத் தூக்க முடியவில்லை என்றால் அல்ட்ராசவுண்டோ எம்.ஆர்.ஐ.யோ எடுத்துப் பார்க்க வேண்டும். தோளின் வெளிப்பக்கத் தோலில் மரத்துப்போயிருந்தால் அக்குள் நரம்பு அடிபட்டிருக்கலாம். இதைப் படம் காட்டாது, விரலால் தொட்டுக் கேட்டால் தெரியும்.

முதல் படத்தை எடுத்த மலை மருத்துவமனைக்கு நான் போன் செய்தேன். குற்றம் சொல்வதற்கு இல்லை, அடுத்தவருக்காக. எக்ஸ்ரே எடுப்பவர் இளைஞர். "கை தூக்க முடியலன்னா ஒரு படம் எடுத்து விட்டுடுவோம் சார், எங்ககிட்ட சி.டி. இல்ல" என்றார். மேஜை இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது. கேசட்டை எப்படி வைப்பது, எப்படிச் சாய வைப்பது, குழாயை எங்கே நிறுத்துவது என்று பத்து நிமிடம் சொன்னேன். அவர் நோட்டில் படம் வரைந்துகொண்டார். அதை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, சரியா என்று கேட்டார். நோயாளி எந்தப் பக்கம் பார்த்து நிற்க வேண்டும் என்பதை மட்டும் திருத்தினேன்.

மூன்று வாரம் கழித்து இரவு பதினொரு மணிக்கு அவரிடமிருந்து மறுபடி வாட்ஸ்அப். வளைவில் வழுக்கி விழுந்த கல்லூரி மாணவன், வலது தோள், முன்பக்க விலகல். பெருமுண்டில் சின்ன முறிவு. "ஏத்தியாச்சு சார், சரியா இருக்கான்னு பாருங்க" என்று எழுதியிருந்தார். ஏற்றுவதற்கு முன் இரண்டு படம், ஏற்றிய பின் இரண்டு படம். நான்காவது, ஸ்லிங் மாட்டியபடியே பின்னால் சாய்ந்து எடுத்தது. பந்து குழியின் நடுவில் இருந்தது.